கூட்டு ஒத்திகை: நாடகக் குழுக்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

வேலை முடிந்து மாலையில் கூடுகிற, 6 முதல் 12 பேர் கொண்ட குழுக்களை மனதில் வைத்து இந்தப் பக்கம் எழுதப்பட்டிருக்கிறது. இங்கே சொல்லும் கணக்குகள் 60 முதல் 75 நிமிடம் ஓடும் நாடகத்துக்குப் பொருந்தும்.

கூட்டு ஒத்திகை வழக்கமான ஒத்திகையிலிருந்து எங்கே மாறுகிறது?

வழக்கமான ஒத்திகையில் பிரதிதான் முதலில் வரும். எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து வாசிப்பார்கள், பாத்திரம் பிரிப்பார்கள், வசனத்தைப் பாடம் பண்ணுவார்கள். யார் எந்தப் பக்கம் நகர வேண்டும் என்பதை இயக்குநர் சொல்லிவிடுவார். கூட்டு ஒத்திகையில் நடிகர்கள் எழுந்து செய்து பார்ப்பது முதலில் நடக்கும். வசனமும் நகர்வும் அதிலிருந்து தேறி வரும். ஒரு விஷயத்தை மட்டும் வைத்துக்கொண்டு, பிரதியே இல்லாமல் தொடங்கலாம். எழுதி முடித்த பிரதியையும் இந்த வழியில் ஒத்திகை பார்க்கலாம்.

நம் ஊருக்கு இது அந்நியமானதல்ல. தெருக்கூத்தில் பாட்டும் விருத்தமும் கட்டுப்பட்டவை. கூத்தை நடத்திச் செல்லும் கோமாளியான கட்டியங்காரனின் பேச்சோ அந்த ராத்திரிக்கு, அந்த ஊருக்கு, எதிரே உட்கார்ந்திருக்கும் ஆட்களுக்கு என்று பிறக்கும். எதில் கை வைக்கக் கூடாது, எதில் வைக்கலாம் என்பது ஆடுகிறவர் எல்லோருக்கும் தெரிந்திருப்பதால்தான் விடியும்வரை கூத்து நிற்கிறது. கூட்டு ஒத்திகையில் கெட்டுப்போகிற பெரும்பாலான வேலை இந்த ஒரு தெளிவு இல்லாமல்தான் கெடுகிறது.

இந்த முறைகள் யாரிடமிருந்து வந்தவை?

பல கைகளிலிருந்து வந்தவை. ரஷ்ய இயக்குநர் ஸ்தானிஸ்லாவ்ஸ்கி 1930-களின் நடுவில், தன் கடைசி ஆண்டுகளில், நடிகர்களை மேசையைச் சுற்றி மாதக்கணக்கில் உட்கார வைப்பதை விட்டுவிட்டு, காட்சியைச் சொந்த வார்த்தையில் செய்து பார்க்கச் சொன்னார். அவரிடம் கற்ற மரியா க்னேபெல் அதை ஒழுங்கான முறையாக அடுத்த தலைமுறைக்குக் கொண்டுபோனார். பிரேசிலின் அகஸ்டோ போவால், பார்வையாளரே மேடையேறிக் காட்சியை மாற்றும் ஃபோரம் அரங்கை உருவாக்கினார். லண்டனில் 1974-ல் தொடங்கிய ஜாயின்ட் ஸ்டாக் குழு முதலில் நடிகர்களும் எழுத்தாளரும் சேர்ந்த பட்டறை, பிறகு எழுத்தாளர் தனியாக எழுத ஓர் இடைவெளி, அதன்பின் முழு ஒத்திகை என்ற வரிசையை நிலைநிறுத்தியது. கீழே வரும் கால அட்டவணையின் எலும்புக்கூடு அந்த வரிசைதான்.

தமிழ்நாட்டில் காந்திகிராமத்தில் 1977-ல் நடந்த நாடகப் பட்டறை, அதே ஆண்டு ந. முத்துசாமி தொடங்கிய கூத்துப்பட்டறை, அங்கே புரிசை கண்ணப்பத் தம்பிரான் கொடுத்த கூத்துப் பயிற்சி, 1980-ல் சென்னையை அடுத்த சோழமண்டலத்தில் வங்க நாடகாசிரியர் பாதல் சர்க்கார் நடத்திய பட்டறை ஆகிய எல்லாவற்றின் சாயலும் இன்றைய குழுக்களின் பயிற்சிகளில் இருக்கிறது. சர்க்காரின் மூன்றாம் அரங்கு மேடை, திரை, விளக்கு எதையும் நம்பாமல் நடிகரின் உடலையே நம்பியது. காசு இல்லாத குழுவுக்கு அதைவிட நல்ல தொடக்கம் கிடையாது.

எல்லோரும் சமம் என்றால் இயக்குநர் எதற்கு?

காட்சிக்கான யோசனைகளை எல்லோரும் கொண்டுவரலாம். எது தங்க வேண்டும் என்று கடைசியில் ஒருவர்தான் சொல்ல வேண்டும். வாக்கெடுப்பில் காட்சிகளைத் தேர்ந்தெடுக்கும் குழுவில் யாருக்கும் பிடிக்காமல் போகாத காட்சிகள் மட்டும் மிஞ்சும். கூர்மையானது எதுவும் மிஞ்சாது. முதல் நாளே நான்கு பொறுப்புகளைப் பெயரிட்டுக் கொடுத்துவிடுங்கள். இயக்குநர் வெளியிலிருந்து பார்ப்பவர், முடிவைச் சொல்பவர். பிரதிப் பொறுப்பாளர் பேசியதை எழுத்தாக்குபவர், அவர் நடிக்காமல் இருப்பது நல்லது. குறிப்பாளர் நகர்வையும் பொருள்களையும் நோட்டில் பதிபவர். நேரம் பார்ப்பவர் தினம் ஒருவராக மாறலாம். இவற்றில் இரண்டை ஒருவரே சுமந்தால் மூன்றாவது வாரத்திலேயே எழுத்து வேலை நின்றுபோகும்.

எத்தனை வாரம் வேண்டும்?

பத்து வாரம். வாரநாளில் மூன்று மாலை, ஒவ்வொன்றும் இரண்டரை மணி நேரம். ஞாயிறு ஆறு மணி நேரம். ஆக, வாரத்துக்குப் பதின்மூன்றரை மணி நேரம் வருகிறது.

முதல் மூன்று வாரம் தேடல். இந்த 40 மணி நேரத்தில் எதையும் நாடகம் என்று கூப்பிடாதீர்கள். நான்காவது வாரத்தில் ஞாயிறு மட்டும் கூடுங்கள். மற்ற நாட்கள் பிரதிப் பொறுப்பாளருக்கும் இயக்குநருக்கும். ஐந்தாவது வாரம் முதல் ஏழாவது வாரம் வரை காட்சிகளைக் கட்டுவது. ஏழாவது ஞாயிறு மாலையோடு புதுக் காட்சிகள் வருவது நிற்க வேண்டும். எட்டு, ஒன்பது, பத்து மூன்றும் முழு ஓட்டத்துக்கு. மொத்தம் ஏறக்குறைய 127 மணி நேரம்.

ஏழாவது ஞாயிறு என்ற அந்தத் தேதியை முதல் நாளே சுவரில் எழுதி ஒட்டுங்கள். தேதி தெரிந்திருந்தால் நடிகர்கள் அதுவரை துணிந்து தப்பு செய்வார்கள். தெரியாவிட்டால் முதல் வாரத்திலேயே ‘இது மேடையில் வருமா’ என்று பயந்து பாதுகாப்பாக நடிப்பார்கள், பத்தாவது வாரத்திலோ புதுக் காட்சி கொண்டுவருவார்கள். இரண்டும் எதிரெதிர் நோய் போலத் தெரியும். காரணம் ஒன்றுதான்.

இடம் எவ்வளவு தேவை?

எட்டு பேருக்கு 20 அடிக்கு 25 அடி. மொட்டை மாடி, பள்ளிக்கூட ஹால், மண்டபத்தின் சாப்பாட்டுக்கூடம் எதுவானாலும் சரி. மொட்டை மாடியில் ஒரு சிக்கல் உண்டு. குரல் மேலே போய்விடுவதால் நடிகர்கள் தெரியாமலே கத்தப் பழகி, உள்ளரங்கில் நுழைந்ததும் அதே சத்தத்தைப் போடுவார்கள். வாரத்தில் ஒரு நாளாவது மூடிய அறையில் ஒத்திகை வையுங்கள். மேடை அளவு தெரிந்த நாள் முதல் மாஸ்கிங் டேப்பால் தரையில் எல்லையைக் குறித்துவிடுங்கள். சாக்பீஸ் கோடு அரைமணி நேரத்தில் காலோடு போய்விடும்.

ஒரு மாலை எப்படிப் போக வேண்டும்?

150 நிமிடத்தை இப்படிப் பிரிக்கலாம்: வார்ம்-அப் 20, முந்தைய நாள் எழுத்தாக்கியதை உரக்க வாசிப்பது 10, இம்ப்ரோ (எழுதிவைத்த வசனம் இல்லாமல் அங்கேயே உருவாக்கி நடிப்பது) 50, டீ 10, கிடைத்ததில் ஒன்றை எடுத்துத் திரும்பத் திரும்பச் செய்வது 40, குறிப்புகள் 20. வார்ம்-அப்பை ஒரு மணி நேரம் இழுக்கும் குழுக்கள் இருக்கின்றன. ஆபீஸிலிருந்து பஸ் பிடித்து வந்தவருக்கு அந்த நேரத்தில் இருக்கும் தெம்பு அதிலேயே தீர்ந்துவிடும்.

பேச்சுக்கு ஒரு விதி: எந்த விவாதமும் 15 நிமிடத்தைத் தாண்டினால் நேரம் பார்ப்பவர் கை தட்டுவார், பேசியவர்கள் எழுந்து அதைச் செய்து காட்ட வேண்டும். செய்ய முடியாத யோசனை அங்கேயே தெரிந்துவிடும்.

இம்ப்ரோ என்று சொன்னதும் எல்லாக் காட்சியும் சண்டையாக முடிகிறதே, ஏன்?

‘எதையாவது செய்யுங்கள்’ என்று விட்டால் நடிகர் முதலில் எட்டிப் பிடிப்பது கோபத்தைத்தான். கோபம் சீக்கிரம் வரும், பார்ப்பவருக்கும் உடனே தெரியும். அடுத்தது சிரிப்பு. இரண்டுக்கும் மருந்து, இம்ப்ரோவுக்கு முன்பே சுருக்கமான, இறுக்கமான ஏற்பாடு. ஒவ்வொரு நடிகருக்கும் தனித்தனித் துண்டுச்சீட்டு கொடுங்கள். அதில் மூன்று வரி: உங்களுக்கு எதிராளியிடமிருந்து என்ன வேண்டும், எதை வாய்விட்டுச் சொல்லக் கூடாது, எந்த நிலையில் காட்சி முடியும். ஒருவர் சீட்டு மற்றவருக்குத் தெரியக் கூடாது. நேரம் 7 நிமிடம்.

ஒரு காட்சியைக் கிட்ட வைத்துப் பார்க்கலாம். அப்பா இறந்து ஆறு மாதம் கழித்து, வீட்டுப் பத்திரத்தில் கையெழுத்து வாங்க அக்கா வீட்டுக்குத் தம்பி வருகிறான். தம்பியின் சீட்டில் ‘கையெழுத்து வேண்டும். பத்திரம் என்ற சொல்லை நீங்கள் சொல்லக் கூடாது. அக்கா உள்ளே எழுந்து போனால் காட்சி முடிந்தது’ என்று இருக்கிறது. அக்காவின் சீட்டில் ‘அவன் இன்று ராத்திரி இங்கே தங்க வேண்டும். தங்கச் சொல்லிக் கேட்கக் கூடாது. தம்பி எழுந்து நின்றால் காட்சி முடிந்தது’ என்று இருக்கிறது.

முதல் முறை செய்யும்போது இருவரும் நான்கு நிமிடம் உளறுவார்கள். ஊர், மழை, பஸ், பிள்ளைகளின் படிப்பு. இயக்குநர் இதில் பதறி நிறுத்தக் கூடாது. ஐந்தாவது நிமிடத்தில் அக்கா டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து அவன் பக்கத்தில் வைக்கிறாள். அவன் குடிக்கவில்லை. அவள் டம்ளரைப் பார்க்கிறாள், அவனைப் பார்க்கிறாள், ‘ஐஸ் வாட்டர் வேணுமாடா?’ என்கிறாள். அவன் கையில் இருந்த ஃபைல் மடியிலிருந்து பாய்க்கு இறங்குகிறது. குறிப்பாளர் எழுத வேண்டியது இதை மட்டும்தான்: டம்ளர், குடிக்காதது, கேள்வி, ஃபைல் இறங்கியது. முதல் நான்கு நிமிடப் பேச்சு முழுவதும் போகலாம்.

இரண்டாவது முறை சீட்டை மாற்றாதீர்கள், ஒரு கட்டுப்பாட்டைக் கூட்டுங்கள். பக்கத்து அறையில் குழந்தை தூங்குகிறது, அதனால் குரல் உயரக் கூடாது. கத்த வழியில்லை என்றதும் கோபம் கைக்கும் கண்ணுக்கும் இறங்கும்.

முதல் முறை அற்புதமாக வந்தது. மறுநாள் செத்துப்போயிற்று. எப்படி மீட்பது?

நேற்று பேசிய வார்த்தைகளை இன்று ஞாபகப்படுத்திச் சொல்லப் பார்க்கிறார்கள், அதனால்தான். நேற்று அந்த வார்த்தையை எதிராளியின் ஏதோ ஒரு செயல் கிளப்பியது. வார்த்தை மட்டும் மிஞ்சி, கிளப்பிய செயல் தொலைந்துவிட்டது. நடிகரிடம் ‘நேற்று என்ன சொன்னீர்கள்’ என்று கேட்காமல் ‘அதைச் சொல்வதற்கு முன் எதைப் பார்த்தீர்கள்’ என்று கேளுங்கள். மேலே சொன்ன காட்சியில் கேள்வியைக் கிளப்பியது தொடப்படாத டம்ளர். தம்பியாக நடிப்பவர் அவசரத்தில் டம்ளர் வைப்பதற்கு முன்பே தலையைத் திருப்பிக்கொண்டால் அக்காவுக்குக் கேள்வி வராது, நடிப்புதான் வரும். ஒவ்வொரு காட்சிக்கும் இப்படி நான்கைந்து கொக்கிகளைக் கண்டுபிடித்துப் பெயர் வைத்து எழுதுங்கள். கொக்கிகள் மாறாது. இடையில் வரும் பேச்சு எட்டாவது வாரம்வரை மாறலாம்.

வீடியோ எடுக்கலாமா?

முதல் நான்கு வாரம் ஆடியோ மட்டும் எடுங்கள். வீடியோ பார்த்த நடிகர் மறுநாள் தன்னையே பார்த்துக் காப்பியடிப்பார். போனை அறையின் நடுவில் ஸ்டூலில் வைத்தால் போதும். எழுத்தாக்கும் வேலையை அன்றிரவோ மறுநாள் காலையோ முடித்துவிட வேண்டும். பத்து நிமிடப் பேச்சுக்கு ஒரு மணி நேரம்கூட ஆகும். வாரக்கடைசிக்கு என்று தள்ளினால் மூன்று மணி நேர ஒலிப்பதிவு குவியும், யாரும் தொட மாட்டார்கள். ஐந்தாவது வாரத்திலிருந்து நகர்வைக் குறிக்க வீடியோ உதவும். ஆனால் அது குறிப்பாளரிடமும் இயக்குநரிடமும் மட்டும் இருக்கட்டும். குழுவின் வாட்ஸ்அப்பில் போடவே வேண்டாம்.

நடிகர்கள் ஆளுக்கொரு ஊர்த் தமிழ் பேசுகிறார்கள். விட்டுவிடலாமா?

தேடல் காலத்தில் கட்டாயம் விடுங்கள். சொந்த வழக்கில் பேசும்போதுதான் சினிமா வசனம் வாயில் வராமல் இருக்கும். ஆனால் ஒரே வயிற்றில் பிறந்த அக்கா நெல்லைத் தமிழும் தம்பி சென்னைத் தமிழும் பேசினால் பார்ப்பவர் கதையை விட்டுவிட்டு அதைத்தான் யோசிப்பார். நான்காவது வாரத்தில் ஒரு முடிவு எடுங்கள். ஒருவருடைய வழக்கைக் குடும்பத்துக்கே பொதுவாக்குவது ஒரு வழி. தம்பி இருபது வருஷமாகச் சென்னையில் இருக்கிறான் என்று கதைக்குள் கொண்டுவந்துவிடுவது இன்னொரு வழி. இரண்டாவது பல நேரம் நாடகத்துக்கே லாபமாக முடியும். கோபம் வரும் ஓர் இடத்தில் அவன் பழைய பேச்சுக்குத் திரும்பலாம், அதற்கு ஒரு வசனமும் எழுத வேண்டியதில்லை.

எழுத்தாக்கும்போது பிரதிப் பொறுப்பாளர் செய்யும் தவறும் இங்கேதான். ‘வந்துட்டுப் போயிடுறேன்’ என்று பேசியதை ‘வந்துவிட்டுச் செல்கிறேன்’ என்று எழுதிக் கொடுத்தால் நடிகர் அதைப் படித்ததும் விறைத்துவிடுவார். வாயில் வந்தபடியே எழுதுங்கள்.

வசனம் தேவையில்லாத பயிற்சிகளில் எது உண்மையில் பயன்படும்?

அமெரிக்க நடனக் கலைஞர் மேரி ஓவர்லீ தொடங்கி, ஆன் போகார்ட்டும் டினா லாண்டாவும் விரித்தெடுத்த வியூபாயின்ட்ஸ் என்ற அசைவுப் பயிற்சி. அதில் உடல் சார்ந்தவை ஒன்பது. வேகம், கால நீளம், அடுத்தவர் அசைவுக்கு உடல் தரும் பதில், திரும்பச் செய்தல் ஆகிய நான்கும் காலத்தைச் சேர்ந்தவை. உருவம், சைகை, அறையின் அமைப்பு, ஆட்களுக்கிடையிலான தூரம், தரையில் போகும் பாதை ஆகிய ஐந்தும் இடத்தைச் சேர்ந்தவை. ஒன்பதையும் ஒரே நாளில் சொல்லிக்கொடுத்தால் எதுவும் ஒட்டாது. தூரமும் வேகமும் மட்டும் எடுத்துக்கொண்டு ஒரு வாரம் செய்யுங்கள். அக்கா–தம்பி காட்சியையே ஒரு முறை இரண்டடி தூரத்திலும் ஒரு முறை பன்னிரண்டடி தூரத்திலும் வைத்துப் பாருங்கள். பன்னிரண்டடியில் டம்ளரை எடுத்துக்கொண்டு நடக்கும் நேரமே ஒரு வசனமாகிவிடும்.

போவாலிடமிருந்து ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். காட்சி நடக்கும்போது சுற்றியிருப்பவர் யாரும் ‘நிறுத்து’ என்று சொல்லி ஒரு பாத்திரத்தின் இடத்தில் தான் நுழைந்து, வேறு மாதிரிச் செய்து காட்டலாம். பேசிச் சொல்லும் விமர்சனத்தைவிட இது மனம் நோகாதது, வேகமானதும்கூட. ஒரு காட்சிக்கு மூன்று நிறுத்தம் போதும்.

மூத்தவர் இருக்கும் இடத்தில் சின்னவர்கள் வாயைத் திறப்பதில்லை. என்ன செய்வது?

‘அண்ணன் சொன்னா சரியா இருக்கும்’ என்பது ஒத்திகை அறையில் பெரிய தடை. மரியாதையை எடுத்துவிடச் சொல்லிப் பயனில்லை, அது எடுபடாது. வரிசையை மாற்றுங்கள். குறிப்பு சொல்லும் நேரத்தில் குழுவில் கடைசியாகச் சேர்ந்தவர் முதலில் பேசட்டும், மூத்தவர் கடைசியில். கடினமான விஷயங்களைப் பெயர் எழுதாத சீட்டில் வாங்கி இயக்குநரே வாசிக்கட்டும். சொல்வதும் ‘நல்லா இருந்துச்சு, இல்லை’ என்று இருக்கக் கூடாது. ‘நான் இதைப் பார்த்தேன்’, ‘இந்த இடத்தில் எனக்குப் புரியவில்லை’ என்ற இரண்டு தொடக்கங்களை மட்டும் அனுமதியுங்கள்.

தொடுதல், அழுகை, சொந்த அனுபவம் இவற்றுக்கு எல்லை எது?

முதல் நாளே பேசி எழுதிக்கொள்ளுங்கள். எங்கே தொடலாம், எங்கே கூடாது என்பதை ஒவ்வொருவரும் தாமே சொல்லட்டும், அதற்குக் காரணம் கேட்கக் கூடாது. இம்ப்ரோவின் நடுவில் வெளியேற ஒரு சொல் வைத்துக்கொள்ளுங்கள், கதைக்குள் வரவே வாய்ப்பில்லாத சொல்லாக. அதைக் கேட்டதும் எல்லோரும் நிற்க வேண்டும். சொந்த வாழ்க்கையிலிருந்து ஒருவர் கொண்டுவந்ததை அவரிடம் திரும்பக் கேட்காமல் பிரதியில் சேர்க்காதீர்கள். பெண்கள் வீடு திரும்பும் பஸ் நேரத்தைப் பார்த்து ஒத்திகை முடியும் நேரத்தை வையுங்கள். ஒன்பது மணி என்றால் ஒன்பதுதான்.

கிடைத்தது எல்லாமே நன்றாக இருக்கிறது. எப்படிக் குறைப்பது?

நான்காவது வாரத்தில் கையில் 30 துண்டுகள்கூட இருக்கும். ஒவ்வொன்றுக்கும் ஓர் அட்டை: மேலே பெயர், கீழே ‘இந்தக் காட்சி முடிந்ததும் யாருக்கு என்ன மாறியிருக்கிறது’ என்று ஒரே வரி. அந்த வரியை எழுத முடியாத அட்டை தானாகக் கழிந்துவிடும். ஏறக்குறைய பாதி இப்படிப் போகும். மீதியைச் சுவரில் ஒட்டி வரிசை மாற்றிப் பாருங்கள். 70 நிமிட நாடகத்துக்கு 10 முதல் 13 காட்சிகள் தாங்கும். கழித்த அட்டைகளைக் கிழிக்காமல் உறையில் போட்டு வையுங்கள். தன் காட்சி போய்விட்டதே என்று வருந்துபவருக்கு அது எங்கேயோ பத்திரமாக இருக்கிறது என்பது உண்மையிலேயே ஆறுதல்.

எழுதி முடித்த பிரதி இருக்கிறது, எழுத்தாளர் ஒரு சொல்லையும் மாற்றக் கூடாது என்கிறார். அப்போது?

ஸ்தானிஸ்லாவ்ஸ்கி வழி அதற்கே உண்டானது. காட்சியை ஒருமுறை வாசியுங்கள். யார் என்ன செய்கிறார், எங்கே நிலைமை திரும்புகிறது என்று பத்து நிமிடம் பேசுங்கள். பிரதியை மூடிவிட்டுச் சொந்த வார்த்தையில் செய்யுங்கள். திரும்பப் பிரதியைத் திறந்து, எதை விட்டுவிட்டோம், எழுத்தாளர் ஏன் நம்மைவிடக் குறைவாகப் பேசியிருக்கிறார் என்று ஒப்பிடுங்கள். நான்கைந்து சுற்றில் பிரதியின் வார்த்தைகள் தாமாகவே வாயில் ஏறும், தனியாகப் பாடம் பண்ணும் வேலை பாதியாகக் குறையும். செய்யுள் நடையில் எழுதப்பட்ட நாடகத்துக்கு மட்டும் இது அவ்வளவு பொருந்தாது. அங்கே ஓசையே அர்த்தம், முதலிலிருந்தே வரிகளோடு போக வேண்டும்.

எழுத்து யார் பெயரில்?

முதல் வாரத்திலேயே ஒரு தாளில் எழுதி எல்லோரும் கையெழுத்திடுங்கள். ‘ஆக்கம்: குழு, பிரதி: இன்னார்’ என்று நோட்டீஸில் போடுவது நியாயமான வழி. இன்னொரு குழு நாடகத்தைக் கேட்டால் யார் அனுமதி தர வேண்டும், வரும் பணம் எப்படிப் பிரியும் என்பதையும் அதே தாளில் சேருங்கள். சிறுகதையிலிருந்து எடுக்கிறீர்கள் என்றால், இந்தியாவில் எழுத்தாளர் இறந்து 60 ஆண்டு வரை காப்புரிமை உண்டு. வாரிசுகளின் அனுமதியைத் தேடல் தொடங்குவதற்கு முன் வாங்குங்கள், ஒன்பதாவது வாரத்தில் அல்ல.

நடிகர் ஒருவர் எட்டாவது வாரத்தில் விலகினால்?

புதிதாக வருபவரிடம் வீடியோவைக் கொடுத்து ‘இப்படியே செய்யுங்கள்’ என்று சொல்லாதீர்கள். பழையவரின் உடல்மொழியை ஒட்டவைத்ததுபோல இருக்கும். பழைய துண்டுச்சீட்டை எடுத்துக் கொடுங்கள், கொக்கிகளின் பட்டியலைக் கொடுங்கள், ஒவ்வொரு காட்சிக்கும் இரண்டு முறை இம்ப்ரோ செய்ய விடுங்கள், பிறகு பிரதியைக் கொடுங்கள். முக்கியமான பாத்திரத்துக்கு மூன்று மாலையும் ஒரு ஞாயிறும் போதும். கூட நடிப்பவர்களும் அந்த நேரம் முழுக்க இருக்க வேண்டும், ஏனென்றால் மாறப்போவது அவர் மட்டுமல்ல. புதுத் தம்பி டம்ளரைக் கையில் எடுத்து, உதடு வரை கொண்டுபோய், குடிக்காமல் கீழே வைத்தால், ‘ஐஸ் வாட்டர் வேணுமாடா?’ என்ற கேள்வி பழைய தொனியில் வராது. அக்காவாக நடிப்பவருக்கு அதற்கென்று தனியாக ஒரு மாலை ஒதுக்குங்கள்.